இடுப்பில் ஒரு தோல்பை

வேட்டிக்குப் பை கிடையாது. லுங்கிக்கும் கிடையாது. அதற்காகத்தான் நம் ஆட்கள் மடி, சுருக்குப்பை, பட்டாபட்டி டவுசர் பாக்கெட் என்று பல வழி கண்டார்கள். சந்தைக்காரர்கள் நாலு விரல் அகலத்தில் பை வைத்த தோல் பெல்ட் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலையை முடிப்பார். வாங்குகிறவர் சட்டையைத் தூக்கி, பெல்ட்டின் பொத்தானை விடுவித்து நோட்டுக்கட்டை எடுப்பார். விற்றவர் அதை எண்ணித் தன் பெல்ட்டுக்குள் செருகுவார். மாடு விற்ற பணம் மாட்டுத் தோலுக்குள் போகிறது. யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் கில்ட்டுக்கும் பை கிடையாது. அவர்கள் ஒரு தோல்பையைச் சங்கிலியில் கோத்து முன்பக்கம் தொங்கவிடுகிறார்கள். ஸ்போரன் என்று பெயர். பெல்ட் கொக்கிக்கு ஒரு கையகலம் கீழே நிற்க வேண்டுமாம். ஆடும்போது இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொள்ளலாமாம். பகலுக்கு வெறும் தோல், ராத்திரி விருந்துக்கு முகப்பில் ரோமம் வைத்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அபர்டீனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பையனுக்குக் கல்யாணம்; தோழனாக நிற்கும் இவனும் கில்ட் கட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினான்: ஒன்று வெறும் மாட்டுத்தோல், ஒன்று சீல் ரோமம் வைத்த பழையது, ஒன்று ரெக்சின். கீழே ஒரே வரி: “மாமா, இதுல எது போட்டா பாவம் கம்மி?”

எங்கள் வீட்டில் முட்டைகூட உடைத்ததில்லை. என் அம்மா காலத்திலிருந்தே அப்படி. நானோ சிப்காட்டில் டூல்ரூம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலில் பாதி வாழ்க்கை இரும்பு முனை வைத்த தோல் ஷூ. வெல்டிங் பக்கம் போனால் தோல் கையுறை, தோல் ஏப்ரன். என்னோடு வேலை பார்த்த சைவக்காரர்கள் எவரும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றதில்லை. ஆயுத பூஜையன்று மட்டும் அதே டூல்ரூம் தரை சந்நிதியாகிவிடும்; ஷூக்கள் வாசலில் வரிசையாக நிற்கும், லேத்துக்குச் சந்தனம் குங்குமம். மறுநாள் எல்லாரும் மறுபடி ஷூவை மாட்டிக்கொள்வோம்.

பையன் கேட்டது பாவத்தைப் பற்றி. கோயில் வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வது தீட்டைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில் நமக்கு ஒரு லாபம் இருந்தது. தோல் அசுத்தம் என்று சொல்லிவிட்டால், அந்த உயிர் எப்படிப் போனது என்று கேட்க வேண்டியதில்லை. அதைத் தொட்டுப் பதப்படுத்தியவனை ஊருக்கு வெளியே நிறுத்தினால் போதும். செருப்பு நமக்கு, தீட்டு அவனுக்கு.

சாமிகள் விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. சிவன் இடுப்பில் புலித்தோல், மேலே போர்வை யானைத்தோல். மயிலாடுதுறைப் பக்கம் வழுவூரில் யானையை உரித்த கோலத்துக்கென்றே கோயில் இருக்கிறது. எங்கள் ஓசூர் மலைமேல் சந்திரசூடேஸ்வரர். அவர் மரகத உடும்பாக வந்து அம்மனை ஓடவிட்டவர் என்பது தலபுராணம். தேன்கனிக்கோட்டையில் பெருமாளே வேட்டைக்காரர், பேட்டராய சுவாமி. காளத்தியில் கண்ணப்பர் சாமிமேல் கிடந்த பூவைச் செருப்புக் காலால் தள்ளினார். சாமிக்கு அப்பத் தன் இரண்டாவது கண்ணையும் பிடுங்கும்முன், இடம் தெரியவேண்டுமென்று அந்தக் காலையே சாமியின் கண்ணில் ஊன்றிக்கொண்டார். அவருக்கு நாயன்மார் வரிசையில் இடம். தியான ஆசனத்துக்குத் தர்ப்பையோடு மான்தோலைச் சேர்த்துச் சொல்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். பூணூல் போடும்போது பையனுக்கு மான்தோல் துண்டு கட்டுகிறார்கள். மான்தோல் தூய்மை, மாட்டுத்தோல் தீட்டு என்றால், வித்தியாசம் தோலில் இல்லை, அதைத் தொடுகிறவர்களில்தான்.

மிருதங்கம் இன்னும் நல்ல சாட்சி. பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் இருக்கின்றன. அது சந்நிதிக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கப்படுகிறது. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020-இல் வந்தபோது, கலாக்ஷேத்ரா வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைத் திரும்பப் பெற்றது. நாதம் வேண்டும், மாட்டின் பேச்சு வேண்டாம்.

வள்ளலார் இதை வேறு விதமாகப் பார்த்தவர் என்று நினைக்கிறேன். வடலூர் ஞானசபைக்குள் வர அவர் கேட்டது கொலையும் புலாலும் விட்டவனா என்பதைத்தான். சாதியைக் கேட்கவில்லை. அதனால்தான் பையனின் கேள்வி எனக்குப் பிடித்தது. அவன் தீட்டை விட்டுவிட்டு நேராகக் கொலைக்கு வந்துவிட்டான்.

கொலைக்கு வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது நாம்தான். வாங்குகிறவன் இல்லையென்றால் கொன்று விற்கிறவனும் இல்லை என்ற வாதத்தைப் புலால் மறுத்தலில் வள்ளுவர் வைத்துவிட்டுப் போனார். அதைக் கறிக்கடையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நான் தினமும் காபி குடிக்கிறேன், பால் வருகிறது. பால் வற்றிய மாடும் வண்டி இழுக்க ஆளில்லாத காளைக்கன்றும் எங்கே போகின்றன? சந்தைக்கு. சந்தையிலிருந்து லாரியில். எந்த விவசாயியும் கெட்டவன் இல்லை. ஒரு கறவை மாட்டுக்கே தீவனம் போட முழி பிதுங்குகிறது. அந்த மாட்டின் தோல் என் இடுப்புக்கு வராவிட்டாலும் அதன் பால் என் வயிற்றுக்கு வந்தாகிவிட்டது. பாலைக் குடித்துவிட்டுத் தோலைப் பார்த்து முகம் சுளிக்கிறவரிடம் எனக்குப் பேச்சு ஓடாது.

எல்லையில் வாழ்கிறவனுக்கு இன்னொரு வேடிக்கையும் தெரியும். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் போனால் மாட்டுக்குச் சட்டம் மாறிவிடுகிறது. கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பசு, காளை, கன்று எதையும் வெட்டக்கூடாது. எருமைக்கு மட்டும் 13 வயது வரைதான் பாதுகாப்பு. பதினான்காவது வயதில் எருமையிடமிருந்து எந்தப் புனிதம் கழன்று விழுகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. யமனுக்கு வாகனமாக இருந்த பாவம் போலிருக்கிறது.

காந்தி ஒரு வழி பார்த்தார். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்றவர் அவர். தன்னைச் சிறையில் வைத்த அந்நாட்டு அமைச்சர் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி கொடுத்துவிட்டு 1914-இல் கப்பலேறினார். பிறகு, தானாகச் செத்த மாட்டின் தோலை மட்டும் பயன்படுத்தலாம் என்று தோல் பதனிடவும் ஏற்பாடு செய்தார். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி வழியாக அந்தப் பேச்சு இந்தப் பக்கமும் மரியாதை பெற்றது. ஆனால் செத்த மாட்டை இழுத்துக்கொண்டு போய் உரிப்பது யார்? 1927-இல் மகாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் அந்த வேலையை விடச் சொன்னார். 2016-இல் குஜராத் ஊனாவில் செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். கொல்லாமல் கிடைத்த தோலில் மாட்டின் ரத்தம் இல்லை. மனிதனின் ரத்தம் இருந்தது.

சரி, ரெக்சின் போட்டுக்கொள் என்று பையனிடம் சொல்லிவிடலாமா? சைவக் கடைகளில் இப்போது அதைப் புண்ணியம்போல் விற்கிறார்கள். அது பிளாஸ்டிக் பூசிய துணி. கொஞ்ச வருஷத்தில் பூச்சு உரிந்து குப்பைக்குப் போகும், அங்கே மக்காமல் கிடக்கும். அதற்காக மாட்டுத்தோல் யோக்கியம் என்றும் ஆகாது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ரோட்டில் போனால் வாணியம்பாடி, ஆம்பூர். அங்கே தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. குரோமியத்தில் பதப்படுத்தினால் தோல் சீக்கிரம் தயாராகும். முன்பெல்லாம் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டைதான் அந்தக் காலத்துத் தோல் ஏற்றுமதியைத் தாங்கியது என்பதை இளசுகள் நம்ப மாட்டார்கள். கொலையைப் பற்றி நூறு சாஸ்திரம் பேசுகிறது. கிணற்று நீர் உப்பாகி, கெட்டுப்போனதைப் பற்றி எந்தத் தீட்டுப் பட்டியலும் பேசவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் கணக்கு எந்தச் சாமியிடம் இருக்கிறது?

ஆக, பாவமில்லாத பை என்று ஒன்று கிடையாது. கம்மியான பாவம் எது என்று கேட்ட பையன் கெட்டிக்காரன்; அவனுக்கு எடை போடத் தெரிந்திருக்கிறது. சீல் ரோமத்தை முதலில் தள்ளினேன். வெறும் ஜம்பத்துக்காக ஒரு விலங்கு என்பது எனக்கு ஒவ்வாது. வணிகத்துக்காக வேட்டையாடிய சீலின் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியமே 2009-இல் தடை செய்தது. இங்கேயும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு, புலித்தோலில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் சாமியார்கள் குறைந்துவிட்டார்கள். சிவனுக்கு மட்டும் விதிவிலக்கு.

மிச்சம் இரண்டில் மாட்டுத்தோல் என்று எழுதினேன். ஆனால் புதிதாக வாங்காதே. வாடகைக் கடையில் கில்ட்டோடு பையும் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் யாராவது கழித்த பழசைப் பார். என்றோ செத்த மாடு. என்றோ தைத்த கை. உனக்காக இன்னொன்று சாக வேண்டாம். என் பெல்ட்டும் அப்படித்தான், என் மாமனார் சந்தைக்குக் கட்டிப் போனது. எண்ணெய் போட்டுத் துடைத்தால் என் காலத்துக்கு மேலும் நிற்கும். மலைக்கோயிலுக்குப் போகும்போது செருப்பு விடுகிற இடத்தில் அதையும் சுருட்டிக் கொடுத்துவிடுவேன். ஊர் வழக்கத்தோடு சண்டை போட எனக்கு முழங்கால் வலு இல்லை. அசுத்தம் என்று மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

“இது தப்பிச்சுக்கறதுதானே மாமா? யாரோ பண்ணின பாவத்தோட மிச்சத்துல நாம வாழறது?” என்று திருப்பிக் கேட்டான். ஆமாம் என்றேன். வீடு, ரோடு, இந்த சிப்காட் நிலம், எல்லாமே அப்படி வந்ததுதான். அதற்குப் பதில் வேண்டுமென்றால் தைக்கிறவனுக்குப் பேரம் பேசாமல் காசு கொடு, அவனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு. அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று எழுதினேன். அதற்கு அவனிடமிருந்து கட்டைவிரல் மட்டும் வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மறுபடி கேட்டான். பழைய பை கிடைத்துவிட்டதாம், மூன்று குஞ்சம் வைத்தது. அவன் அம்மா கொடுத்துவிட்ட சந்திரசூடேஸ்வரர் விபூதிப் பொட்டலத்தை அதற்குள் வைக்கலாமா? அக்காவிடம் கேட்டிருக்கிறான், கூடவே கூடாது என்றிருக்கிறாள். யானைத் தோலைப் போர்த்தியவருக்கு மாட்டுத் தோல் பெரிதில்லை, தாராளமாக வை என்றேன். பொட்டலத்தை இரண்டு மடிப்பு கூடுதலாக மடிக்கவும் சொன்னேன். வாடகைக் கில்ட் கம்பளியாம், விபூதி கொட்டினால் கடைக்காரன் காசு பிடித்துக்கொள்வான்.