நாவில் உலவும் மொழிகள்

கவிஞனுடைய சொல் ஏட்டை விட்டிறங்கி மக்கள் நாவில் குடியேறுவது பெரும்பேறு. ஆயினும் சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார் என்னும் இரண்டும் பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிடுகின்றன. இதனால் எப்போதும் கேடு விளையும் என்று கூறமாட்டோம். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில் (192) முதலடியை அறியாத தமிழர் அரியர். வெள்ளத்தில் மிதந்து செல்லும் தெப்பத்தை உவமையாக்கும் பிற்பகுதியை அறிந்தோர் சிலரே. எனினும் அம்முதலடி பிற்பகுதிக்குப் பகையன்று.

பாரதியார் திறத்திலோ பெருந்தவறு நேர்ந்துள்ளது. தமிழ் மெல்ல மடிந்துபோகும் என்று அவரே சொல்லிச் சென்றார் என்பது மேடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருங்கே கேட்கும் பேச்சு. உதகையை அடுத்த எங்கள் பெர்ன்ஹில்லில் எம்மிடம் ஓத வரும் தமிழ்ச் சிறார் சிலருக்கு அரபு எழுத்து வருகிறது; தமிழ் எழுத்துக் கூட்ட வரவில்லை. பெற்றோரைக் கேட்டால், "என்ன செய்வது ஹஜ்ரத், பாரதியாரே அன்றைக்குச் சொல்லிவிட்டாரே!" என்கின்றனர். தம் அசட்டைக்கு மகாகவியின் கையொப்பம்!

உண்மை யாது? 'தமிழ்த்தாய்' என்னும் அப்பாடலில் பேசுகிறவள் தமிழன்னை. மேலைநாட்டுப் புதிய கலைகளைக் கூறும் திறன் தமிழுக்கில்லை, ஆதலின் அது அழியும் என அறிவிலி ஒருவன் உரைத்ததாக அவள் தன் மக்களிடம் முறையிடுகிறாள். அப்பழி தன்னைச் சேரலாகாது எனத் துடித்து, திசைதோறும் போய் அறிவுச் செல்வத்தைத் திரட்டி வருமாறு அவர்களை ஏவுகிறாள். அறிவிலியின் சொல் நம் நாவில் ஏறிற்று. அன்னையின் ஏவல் ஏட்டிலேயே கிடக்கிறது. ஃபிர்அவ்னின் வீம்புரையும் இப்லீஸின் வாதமும் திருமறையில் இடம்பெற்றுள்ளன. அவற்றை இறைவனின் கட்டளை என்று எடுத்தோதுவார் உண்டோ?

ஹதீஸ் கலையில் இதற்கெனத் தனி நூல்களே உண்டு. ஹிஜ்ரி 902இல் (கி.பி. 1497) மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்), மக்கள் நாவில் பரவிய மொழிகளை அரபு அகர வரிசையில் திரட்டி, அவை பெருமானார் (ஸல்) அவர்கள் மொழிந்தவைதாமா என ஆராய்ந்து, 'அல்மகாஸிதுல் ஹஸனா' என்னும் கிதாபை யாத்தார். சீனதேசம் சென்றேனும் கல்வி தேடப் பணிக்கும் வாசகம் நம் மீலாது மேடைகளில் பெரிதும் முழங்குவது. ஆனால் இமாம் பைஹகீ (ரஹ்), அவ்வாசகம் பிரபலமானதே, அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்றார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அதைப் புனைந்துரைகளோடு சேர்த்துவிட்டார்கள். கருத்து நல்லது என்பதற்காகச் சொல்லாதவர் மீது சொல்லை ஏற்ற அவர்கள் இசையவில்லை. நல்ல கருத்துக்கே இத்துணைப் பேணுதல் என்றால், கவிஞர் மறுப்பதற்கென்றே எடுத்துக்காட்டிய சொல்லை அவர் தலையில் சுமத்துவது எத்தகையது!

வழக்கில் வந்தபின் சொல் பொதுச்சொத்து, பொருள் மாறுவது இயல்பு என்பர் சிலர். பழமொழிக்கு அது பொருந்தும். அதற்கு உரியவர் பெயரில்லை. ஒருவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும்போதோ அது சாட்சியமாகிவிடுகிறது. 1921இல் மறைந்தவர் எழுந்து வந்து அதை மறுக்க இயலாது.

ஸகாவீ இமாமின் கிதாபைப் போலத் தமிழ் மேற்கோள்களுக்கும் ஒரு நூல் செய்ய முன்வருவோர், இவ்வடியை முதற்பதிவாக வைத்துத் தொடங்கலாம்.