நகரும் கூண்டும் கூண்டுதானா?

போடிமெட்டுக்கு ஏறும் ஏலமலைச் சரிவில் கனத்த கோழிக்கூண்டுக்குச் சக்கரம் மாட்டினால் அது பள்ளத்துக்குத்தான் ஓடப் பார்க்கும்; தேருக்குப் போல முட்டுக்கட்டை வேண்டும். சிரமம் அதோடு முடிவதில்லை. அடைத்து வைத்த உயிருக்கு இடம் மாற்றிக் கொடுப்பது கருணையா, நம் மனச்சாட்சிக்குச் சமாதானமா? மண்ணைக் கீறுவதும் புழுதியில் புரள்வதும் கோழியின் இயல்பு. ஒரே இடத்தில் நிற்கும் கூண்டில் எச்சமும் ஈரமும் சேர்ந்து இரத்தக்கழிச்சல் பரவும். நகர்த்தினால் புதுப்புல், புழு, காய்ந்த தரை. நாமக்கல் பக்கத்துக் கம்பிக்கூண்டுகளில் கீறுவதற்கு மண்ணே கிடையாது. இந்தக் கவலை சட்டத்தையும் எட்டியது: 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆம் அறிக்கையை முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்கென்றே எழுதியது.

அறுக்கப்போகும் உயிரிடம் என்ன கருணை என்று வள்ளலார் வழி நிற்பவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி அறுபடும் கணத்தை மட்டும் எடைபோட்டு, அதற்கு முந்தைய மாதங்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறது. கொல்லாமையை ஏற்காத வீட்டுக்கும் இன்றைய பகல் பொழுதில் கோழிக்குச் செய்யவேண்டிய கடமை உண்டு; சக்கரம் அதில் ஒரு பகுதியைத்தான் தீர்க்கிறது.