வெல்ல வராதவர்கள் மீது ஒரு பந்தயம்

2021 ஆகஸ்ட் 28 அன்று மேரிலாந்தில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி வாஷிங்டன் அணியை 37-3 என்று நொறுக்கியது. சீசன் தொடங்குவதற்கு முன் நடக்கும் ப்ரீ-சீசன் ஆட்டங்களில் ரேவன்ஸ் தொடர்ந்து பெற்ற இருபதாவது வெற்றி அது. பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸ் 1959 முதல் 1962 வரை 19 வெற்றிகளைக் குவித்து வைத்திருந்த சாதனை அன்று உடைந்தது. அதே ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் ரேவன்ஸின் முதன்மை ஓட்டக்காரர் ஜே.கே. டாபின்ஸுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அந்த சீசன் முழுவதும் அவர் களம் இறங்கவில்லை. எண்ணிக்கையில் சேரும் ஆட்டங்களில் ரேவன்ஸ் எட்டில் வென்று ஒன்பதில் தோற்று, அடுத்த சுற்றுக்கே போகாமல் ஊர் திரும்பியது. ஆனால் அன்றிரவு ரேவன்ஸ் பக்கம் பணம் கட்டியவர்களுக்குப் பணம் வந்து சேர்ந்துவிட்டது. அவர்களுடைய கணக்கில் அது நல்ல இரவு.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் ஆகஸ்ட் மாதம் விசித்திரமானது. 32 அணிகள், ஆளுக்கு மூன்று ஆட்டங்கள், ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் நடக்கும் தொடக்க ஆட்டம் ஒன்று, ஆக 49. இவற்றின் வெற்றி தோல்வி எந்தப் பட்டியலிலும் ஏறாது. கூடுதல் நேரம் என்பதையும் 2021-லேயே எடுத்துவிட்டார்கள். சமநிலை என்றால் அப்படியே கலைந்து போகலாம். முகாமில் இருக்கும் 90 பேரில் எந்த 53 பேரை வைத்துக்கொள்வது என்பதே பயிற்சியாளரின் கவலை. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸின் ஷான் மெக்வே போன்ற பயிற்சியாளர்கள் தங்கள் முக்கிய ஆட்டக்காரர்களை ஆகஸ்டில் களத்தில் காட்டுவதே அரிது. 2008-இல் டெட்ராய்ட் லயன்ஸ் ப்ரீ-சீசனில் நான்குக்கு நான்கு வென்றது. பிறகு உண்மையான சீசனில் பதினாறும் தோற்றது. 2017-இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அதையே எழுத்துப் பிசகாமல் திரும்பச் செய்தது.

இந்த ஆட்டங்கள் மீதும் பந்தயம் நடக்கிறது. இரண்டு தரப்பும் வெல்வதற்கென்றே வராத இடத்தில் யார் வெல்வார் என்று கணிப்பதற்குத் தனியாக ஒரு வித்தையே வளர்ந்திருக்கிறது. பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் பேசுவதைக் கணிப்பாளர் வரி விடாமல் கேட்பார். அணியின் தாக்குதலை நடத்தும் முதல்நிலை க்வார்ட்டர்பேக், தன் அணிக்குப் பந்து கிடைக்கும் முதல் இரண்டு முறை மட்டும் ஆடுவாரா, ஒரு கால்பகுதி முழுதும் ஆடுவாரா? மூன்றாம் நிலையில் இருப்பவர் ஏற்கனவே சில சீசன் ஆடிப் பழகியவரா, கல்லூரியிலிருந்து நேற்று வந்த பையனா? ஆட்டத்தின் கடைசிப் பகுதி அவர்கள் கையில்தான் இருக்கும் என்பதால் புகழ்பெற்ற பெயர்களைவிட இந்தப் பெயர் தெரியாதவர்களே கணிப்புக்கு முக்கியம். எந்தப் பயிற்சியாளருக்கு ஆகஸ்டிலும் தோற்கப் பிடிக்காது? அப்போது ரேவன்ஸின் பயிற்சியாளராக இருந்த ஜான் ஹார்பா அப்படிப்பட்டவர் என்று கண்டுகொண்டவர்கள் சில வருடம் நன்றாகவே சம்பாதித்தார்கள். அந்தத் தொடர் 24 வெற்றியில் நின்றது; 2023 ஆகஸ்டில் வாஷிங்டன் ஒரே ஒரு புள்ளியில், 29-28 என்று அதை முடித்து வைத்தது.

இப்படி உழைக்கிறவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தெரிந்துகொள்வது உண்மையான அறிவு. புக்கிகளும் அதை மதிக்கிறார்கள். அதனால்தான் ப்ரீ-சீசன் ஆட்டத்தில் ஒருவர் கட்டக்கூடிய தொகைக்குச் சிறிய உச்சவரம்பு வைக்கிறார்கள். தொடர்ந்து ஜெயிப்பவர் என்று தெரிந்தால் அவருடைய வரம்பை மேலும் குறைத்துவிடுவார்கள். தோற்பவருக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். வழக்கமான விதி, 100 டாலர் லாபம் வேண்டுமென்றால் 110 டாலர் கட்ட வேண்டும் என்பது. நூறு பந்தயத்தில் 52 சரியாக வந்தால் 5,200 வரும், தவறிய 48-க்கு 5,280 போகும். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் கையைவிட்டு 80 டாலர் போயிருக்கும். சரி, நம்மவர் இதைவிடத் தேர்ந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். 49 ஆட்டத்தில் 28 சரியாகச் சொல்லி 490 டாலர் லாபம் பார்க்கிறார். தன் வித்தை பலித்துவிட்டது என்று அவர் நம்புவார். யாராக இருந்தாலும் நம்புவார்கள். ஆனால் ஒன்றும் தெரியாத ஐந்து பேர் நாணயம் சுண்டிப் போட்டுப் பந்தயம் கட்டினாலும் சராசரியாக அவர்களில் ஒருவருக்கு இந்த 28-ஓ அதற்கு மேலோ தற்செயலாகவே கிடைத்துவிடும். தனக்கு வாய்த்தது திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்தறிய ஓர் ஆகஸ்ட் போதாது. ஐந்து ஆகஸ்டும் போதுமென்று சொல்ல முடியாது. அதற்குள் பயிற்சியாளர்கள் மாறுவார்கள், விதி மாறும், ஆட்டங்களின் எண்ணிக்கையே நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தது போலக் குறையும்.

ஆகவே இவரைப் பிடித்து வைத்திருப்பது அறியாமை அல்ல. குருட்டாம்போக்கில் பணம் கட்டுபவன் தோற்றால் ‘இது நமக்கு ஆகாது’ என்று எழுந்துவிட வாய்ப்புண்டு. படித்துக் கட்டுபவர் தோற்றால் இன்னும் படிக்கிறார். தோல்வி அவருக்கு எச்சரிக்கையாகவே தெரிவதில்லை, பாடமாகத் தெரிகிறது. திருக்குறளில் சூது என்ற அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில், பொருட்பாலில் இருக்கிறது. பாவம் என்று சொல்வதற்கு முன்னால் நஷ்டம் என்று சொல்லிப் பார்ப்போம் என வள்ளுவர் நினைத்தாரோ என்னவோ. ஆனால் நஷ்டக் கணக்கு காட்டி இந்தப் படிப்பாளியைத் திருப்ப முடியாது. அவரிடம் அதைவிட நுணுக்கமான கணக்கு இருக்கும்.

எனக்கு இதில் உறுத்துவது பணத்தைவிட வேறொன்று. ஆகஸ்ட் ஆட்டத்தின் நான்காவது கால்பகுதியில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் யார்? வேலை நிச்சயமில்லாதவர்கள். சீசன் தொடங்கிய பிறகே ஆட்டத்துக்கான சம்பளம். முகாமில் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சில்லறை. 2023 முதல் 90-ஐ 53 ஆக்கும் நாள் ஒன்றே ஒன்றுதான். 32 அணிகளையும் கூட்டினால் ஏறக்குறைய 1,200 பேர் அந்தக் கெடுவுக்குள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள். சிலரைப் பயிற்சி அணியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அதோடு சரி. நீக்கப்பட்டவரைப் பயிற்சியாளரிடம் அழைத்துப்போக வரும் ஆளுக்கு வீரர்கள் ‘டர்க்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டத் திட்டப் புத்தகத்தையும் கையோடு எடுத்து வா என்று அவர் சொன்னால் விஷயம் முடிந்தது.

அந்தப் பையன்களில் ஒருவன் கடைசி நிமிடத்தில் பந்தைத் தவறவிடுகிறான். அவனுக்குப் போவது பிழைப்பு. அந்த நேரத்தில் பந்தயம் கட்டியவர் திரையைப் பார்த்துக் கத்துகிறார், அல்லது மகிழ்கிறார். எது என்பது அவர் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆட்டத்தை இவ்வளவு கூர்ந்து கவனித்தவர், மூன்றாம் நிலை ஆட்டக்காரனின் பெயர், கல்லூரி, எடை எல்லாம் தெரிந்தவர், அவனுக்கு நேர்வதைப் பார்க்கும் கண்ணை இழந்திருக்கிறார். அறிவு பெருகப் பெருக இரக்கம் வற்றும்படி ஒரு பழக்கம் செய்யுமானால், லாபம் தந்தாலும் அதை நல்ல பழக்கம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

கர்ட் வார்னர் கதையை இந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் அறிவார்கள். 1994-இல் கிரீன் பே முகாமிலிருந்து நீக்கப்பட்டவர். அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் இரவில் அலமாரி அடுக்கிப் பிழைத்தார். 1999 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் முதல்நிலை க்வார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீனுக்கு ஒரு ப்ரீ-சீசன் ஆட்டத்தில் முழங்கால் போனது. மாற்று ஆளாக வார்னர் வந்தார். அந்த சீசனின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ராம்ஸ் வென்றது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வார்னருக்கே. ஒருவருக்கு வலியும் இன்னொருவருக்கு வாழ்வும் வந்த அந்த ஆட்டத்தில் பந்தயச் சீட்டு வைத்திருந்தவருக்கு அன்று தெரிந்திருக்கக்கூடியது புள்ளி வித்தியாசம் மட்டுமே.

பந்தயம் நடத்துவோரும், இந்த ஆட்டங்களை நடத்தும் என்.எஃப்.எல். கூட்டமைப்பும் இதில் கைகழுவ முடியாது. மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுக்கும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காக்க வழக்காடிய தரப்பில் என்.எஃப்.எல். கூட்டமைப்பும் இருந்தது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மூன்றே ஆண்டுகளில், 2021-இல், அதே கூட்டமைப்பு பந்தய நிறுவனங்களோடு அதிகாரபூர்வ ஒப்பந்தம் போட்டது. அதற்கடுத்த ஆண்டு, பந்தயம் கட்டினார் என்று அட்லாண்டாவின் கால்வின் ரிட்லியை ஒரு சீசன் முழுதும் வெளியே நிறுத்தியது. ஆடுபவன் தொட்டால் குற்றம், பார்ப்பவன் தொட்டால் வருமானம்.

அமெரிக்காவில் பந்தயம் கட்டுவோரே ப்ரீ-சீசன் பந்தயத்தைக் கேலி செய்வார்கள். ஆகஸ்ட் ஆட்டத்துக்குப் பணம் கட்டுகிறாய் என்றால் உனக்கு வைத்தியம் தேவை என்பார்கள். கேலியில் உண்மை அதிகம். பிப்ரவரியில் சூப்பர் பவுல் முடிந்தால் ஆகஸ்ட் வரை ஆட்டமில்லை. அந்த வெற்று மாதங்களைத் தாங்க முடியாதவர்தான் அர்த்தமில்லாத ஆட்டத்தையும் அர்த்தமுள்ளதாக்கப் பணத்தை வைக்கிறார். ‘இதில் லாபம் இருக்கிறது’ என்று அவர் சொல்வதை நம்புவதற்கு முன் ஒன்றைக் கேட்கலாம்: செலவழித்த மணிநேரத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறாரா, அதை வீட்டில் உள்ளவர்கள் பார்த்ததுண்டா? உண்மையில் தொழிலாகச் செய்பவர்கள் வரி கட்டுவதற்காகவாவது கணக்கு எழுதுவார்கள். மற்றவர்கள் வென்றதை மனப்பாடமாகச் சொல்வார்கள். தோற்றதைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

விட்டு விலக நினைப்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒருவர் தன் பெயரைத் தானே விலக்குப் பட்டியலில் பதிவு செய்துகொள்ளலாம். நியூ ஜெர்சியில் ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ பதியலாம். பதிந்த பிறகு அந்தக் காலம் முடியும்வரை அங்கே உரிமம் பெற்ற நிறுவனங்கள் அவரிடம் பந்தயம் வாங்கக் கூடாது. செப்டம்பரில், ஆட்டங்கள் சூடேறிய பிறகு, அந்தப் படிவத்தில் கையெழுத்திட மனம் வராது. ஆகஸ்டின் முதல் வாரத்தில், கேன்டனில் பந்து உதைபடுமுன், செய்துவிடுவது சுலபம்.