பழியும் பதவியும்

புறநானூற்றின் 35 ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனுக்கு ஓர் உண்மையை எடுத்துரைக்கின்றார். வானம் பெய்யாத ஆண்டின் துயருக்கும் நிலம் விளையாத ஆண்டின் துயருக்கும் உலகத்தார் ஆள்பவனையே குற்றஞ் சொல்வர் என்பது அதன் கருத்து. முகில் மன்னனின் ஏவலுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதைப் புலவர் அறியாதவரல்லர். உலகின் இயல்பை நினைவூட்டி, மன்னன் கையில் உள்ள கடமையை அவன் மறவாதிருக்கச் செய்வதே அவர் நோக்கம். அவ்வாறு பாடி அவர் பழைய நிலக்கடனை நீக்குவித்தார் எனப் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்புக் கூறும். தன் கையில் இல்லாத ஒன்றின் பொருட்டு ஒருவன் பழி சுமத்தல் முறையாகுமா என்னும் வினா அப்பாட்டினுள் அடங்கியுள்ளது. அவ்வினா இன்று அரசவையிலும் பார்க்க விளையாட்டு மைதானத்திலேயே அடிக்கடி எழுகின்றது.

வன்னி நிலத்து உழவர் இவ்வினாவுக்குத் தமக்கே உரிய விடையொன்றை நெடுங்காலமாகக் கொண்டுள்ளனர். அவர்தம் காலபோகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. சிறுபோகம் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களில் எஞ்சி நிற்கும் நீரை நம்பியது. மழை பொய்த்த ஆண்டில் வாய்க்கால் நீரைப் பங்கிடுபவரை எவரும் குறை கூறுவதில்லை. குளத்தில் நீர் இருந்தும் கடைவாய்க்கால் வயல்கள் காய்ந்தனவாயின், அவர் கமக்காரர் கூட்டத்தில் விடை கூறியே ஆகவேண்டும். விளைச்சல் இரண்டு ஆண்டுகளிலும் குறைந்ததே. ஆயினும் குற்றம் இரண்டிலும் ஒன்றன்று. இந்த வேறுபாட்டை நூல் கற்று அறியவேண்டிய தேவை உழவருக்கு ஏற்படவில்லை.

அதே ஊர்களில் மாலை வேளையில் உதைபந்தாட்டம் நடைபெறும் மைதானங்களில் இவ்வேறுபாடு விரைவில் மறக்கப்படுகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் கிராமங்களில் விளையாட்டுக் கழகம் என்பது இளைஞர் ஒன்றுகூடும் இடம் மாத்திரமன்று. ஊரின் மானத்தைத் தாங்கும் அமைப்புமாகும். வடக்குக் கிழக்கு மாகாணங்களின் அணிகளுக்கென 2018 இல் ஒரு பிரிமியர் லீக் நடத்தப்பட்டபோது வன்னி மாவட்டங்களின் பெயர் தாங்கிய அணிகளும் அதில் ஆடின. அணி தொடர்ந்து தோற்குமாயின் முதலில் எழும் குரல், ‘பயிற்றுநரை மாற்றுக’ என்பதே. கிராமத்துக் கழகத்தின் பயிற்றுநர் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆசிரியராகவோ முன்னாள் வீரராகவோ இருப்பதால் அக்குரல் மனத்தாங்கலோடு முடிந்துவிடும். ஒப்பந்தமும் ஊதியமும் பெருந்தொகை முதலீடும் கொண்ட தொழில்முறை அணியிலேயே இவ்வினா தன் முழு வடிவைப் பெறுகின்றது. ஆதலால் தமிழ் நிலத்துத் தொழில்முறைக் கழகம் ஒன்றன் வரலாற்றை ஈண்டு நோக்குதல் பயன் தரும்.

சென்னையைத் தளமாகக் கொண்ட சென்னையின் எப்.சி. என்னும் கழகம் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் கிரெகரியின் பயிற்சியில் 2018 மார்ச் 17 ஆம் திகதி பெங்களூர் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என வென்று இந்தியன் சுப்பர் லீக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அடுத்த பருவத்தில் அதே கழகம், அதே பயிற்றுநரின் கீழ், 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று, 9 புள்ளிகளுடன் பட்டியலின் கடைசி இடத்தை அடைந்தது. வென்ற அணியின் தலைவராக விளங்கிய ஹென்றிக் செரேனோ விலகிச் சென்றிருந்தார். வியாசர்பாடி தந்த நடுக்கள வீரர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட இயலாதிருந்தார். கழகம் கிரெகரியை நீக்கவில்லை. 2019 ஏப்பிரலில் அணி சுப்பர் கிண்ண இறுதியாட்டம் வரை சென்றது. ஆயின் அடுத்த பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களிலும் அணி ஒரு கோலேனும் பெறவில்லை. ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகளே கிடைத்த நிலையில், நவம்பர் இறுதியில் அவரும் கழகமும் பிரிந்தனர். டிசெம்பரில் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஓவன் கொய்ல் பொறுப்பேற்றார். ஏறத்தாழ அதே வீரர்களைக் கொண்ட அணி நான்காம் இடத்துக்கு உயர்ந்து, 2020 மார்ச் 14 ஆம் திகதி கோவாவில் பார்வையாளர் இன்றி நடைபெற்ற இறுதியாட்டத்தில் ஏ.ரி.கே. அணியிடம் 3–1 எனத் தோற்றது.

இவ்வரலாற்றை மேலோட்டமாக நோக்குவோர், மாற்றமே மருந்து எனத் துணிவர். அத்துணிபு ஆய்வுக்குரியது. மிகத் தாழ்ந்த நிலையை அடைந்த எதுவும் அதன்பின் தன் வழமையான நிலையை நோக்கி உயர்வது இயல்பு. பிரான்சிஸ் கால்ற்றன் 1886 இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு இவ்வியல்பை விளக்கினார். பயிற்றுநர் பெரும்பாலும் அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதே நீக்கப்படுகின்றார். ஆகவே தானாக வந்திருக்கக்கூடிய ஏற்றமும் புதியவரின் கணக்கிலேயே வரவாகின்றது. நெதர்லாந்துப் பொருளியலறிஞர் பாஸ் ரெர் வீல் அந்நாட்டின் உயர்மட்ட லீக்கில் 1986 முதல் 2004 வரை நிகழ்ந்த பயிற்றுநர் மாற்றங்களை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட கட்டுரை இங்கு குறிப்பிடத்தக்கது. பயிற்றுநரை நீக்கிய அணிகள் பின்னர் முன்னேறின. அதேயளவு சரிவைக் கண்டும் பயிற்றுநரை நீக்காத அணிகளும் அவ்வாறே முன்னேறின என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவு சரியாயின் கழகங்கள் பயிற்றுநரை நீக்குவதேன்? விவிலியத்தின் லேவியராகமம் 16 ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கின்றது. மக்கள் அனைவரின் பாவங்களும் ஒரு வெள்ளாட்டுக் கடாவின் தலையில் சுமத்தப்பட்டு, அது வனாந்தரத்துக்கு அனுப்பப்படும். போக்காடு என அது பெயர்பெறும். இருபதுக்கு மேற்பட்ட வீரர்களை ஒரே நாளில் நீக்குதல் இயலாது. முதலீட்டாளர் தம்மைத் தாமே நீக்கிக்கொள்ளார். இரசிகரை எவரும் நீக்கவியலாது. எஞ்சுபவர் பயிற்றுநர் ஒருவரே. அவரை அனுப்புவதால் ஏனையோரின் மனச்சுமை குறைகின்றது. சுமை குறைந்தமையைத் தவறு திருந்தியமையாக எண்ணுவதே இங்கு நேரும் மயக்கம்.

இலங்கை உதைபந்தாட்டம் இதற்குச் சான்று பகரும். 1995 இல் கொழும்பில் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணி அதன்பின் 2023 வரை நடைபெற்ற அச்சுற்றுப்போட்டிகளில் எதனையும் வென்றதில்லை. 2020 இல் அமீர் அலாஜிச், 2022 இல் அன்டி மொரிசன் எனப் பயிற்றுநர் மாறினர். 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. வெளியார் தலையீடும் நிருவாகச் சீர்கேடுமே அதற்குக் காரணம், ஆடுகளத்துத் தோல்வியன்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் வரை தடை நீடித்தது. ஆட அனுமதியே இல்லாத அணியின் தாழ்வுக்கு எப்பயிற்றுநரை நீக்கினும் பரிகாரம் கிட்டாது.

எனினும், இதிலிருந்து பயிற்றுநரை ஒருபோதும் நீக்கலாகாது என்னும் முடிவுக்கு வருதலும் பொருந்தாது. பொறுமைக்கு எடுத்துக்காட்டாக அலெக்ஸ் பேர்குசன் அடிக்கடி பேசப்படுகின்றார். 1986 நவம்பரில் மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தில் பொறுப்பேற்ற அவர் முதற் கிண்ணத்தை வெல்ல 1990 மே மாதம் வரை சென்றது. அப்பருவத்தில் அணி லீக் பட்டியலில் 13 ஆம் இடத்திலேயே இருந்தது. 2013 இல் ஓய்வு பெற்றபோது அவர் 13 லீக் பட்டங்களைத் தேடித் தந்திருந்தார். ஆயின் பொறுத்திருந்து பயன் பெற்ற கழகத்தின் கதையே திரும்பத் திரும்பச் சொல்லப்படும். பொறுத்திருந்து அழிந்த கழகங்களின் கதையை எவரும் எடுத்துரையார். ஒரு கதையை விதியாக்குதல் தருக்கப் பிழை.

இதற்கு மறுதலையாக அமைவது லெஸ்ரர் சிற்றிக் கழகத்தின் செயல். எவரும் எதிர்பாராத வகையில் 2016 இல் அக்கழகத்துக்கு இங்கிலாந்தின் பிரிமியர் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர் கிளோடியோ ரனியேரி. ஓராண்டு நிறைவதற்குள், 2017 பெப்ரவரியில், அணி தரமிறங்கும் அபாயத்தில் இருந்தபோது அவர் நீக்கப்பட்டார். நன்றிகொன்ற செயல் எனப் பலர் கண்டித்தனர். அணியோ அடுத்து ஐந்து லீக் ஆட்டங்களில் தொடர்ந்து வென்று, 12 ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது. பயன் நல்லதாயின் செயலும் நல்லதாகிவிடுமா? அன்றிப் பழைய உதவிக்கு நன்றியாகப் பதவியைத் தொடர விடுதல்தான் அறமா?

இவ்வினாவில் இரு வேறு கடன்கள் கலந்துவிடுகின்றன. செய்த உதவிக்குரிய நன்றி ஒருவர்க்கு என்றும் உரியது. அது மதிப்பாலும் நினைவாலும் நேர்மையான நடத்தையாலும் செலுத்தப்படவேண்டியது. பதவியோ வருங்காலப் பணிக்கென ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. நன்றிக்கடனைப் பதவியால் தீர்க்க முயல்பவர் தம் கடனை வீரர்களின் உழைப்பிலிருந்தும் இரசிகரின் நம்பிக்கையிலிருந்தும் எடுத்துச் செலுத்துகின்றனர். அதேபோன்று, பதவிநீக்கத்தைத் தண்டனையாகக் கருதுபவரும் தவறுகின்றனர். தண்டனை குற்றத்துக்குரியது, தோல்வி தன்னளவில் குற்றமாகாது. பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர் இருவர் 1976 இல் அறவாழ்வில் நற்பேற்றின் இடம் பற்றி ஆராய்ந்தனர். தன் கட்டுப்பாட்டுக்கு உட்படாதவற்றின் பொருட்டு ஒருவர் மதிப்பிடப்படலாகாது என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும் நடைமுறையில் விளைவைக் கொண்டே யாவரும் மதிப்பிடுகின்றனர் என்னும் முரண்பாட்டை அவர்கள் வெளிப்படுத்தினர். இம்முரண்பாட்டை முற்றாக நீக்குதல் அரிது. அதன் கொடுமையைக் குறைத்தல் இயலும்.

அதற்கு மூன்று வினாக்களை முறையே எழுப்புதல் வேண்டும். அவர் கையில் கொடுக்கப்பட்டது யாது என்பது முதலாவது. கொடுக்கப்பட்டதை வைத்து அவர் செய்தது யாது என்பது இரண்டாவது. இனிச் செய்யவேண்டியதைச் செய்யும் ஆற்றல் அவரிடம் உள்ளதா என்பது மூன்றாவது. கிரெகரியின் வரலாற்றுக்கு இவ்வினாக்களைப் பொருத்திப் பார்க்கலாம். கடைசி இடத்தை அடைந்த பருவத்தில் முதல் வினாவே அவருக்குச் சார்பாக நின்றது. தலைவரும் முதன்மை வீரரும் இல்லாத அணியை வைத்து அவரை எடைபோடுதல் முறையன்று. 2019 நவம்பரில் நிலைமை வேறு. நெரியுஸ் வால்ஸ்கிஸ் போன்ற புதிய வீரர்கள் வந்திருந்தனர். ஆயத்தம் செய்யக் காலமும் கிடைத்திருந்தது. இரண்டாம் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் நிறைவான விடை கிடைக்கவில்லை. அதே வால்ஸ்கிஸ் அப்பருவத்தை 15 கோல்களுடன் முடித்து, அதிக கோல் அடித்தோருக்கான விருதைப் பெற்றார். முன்னர் வைத்திருந்ததும் பின்னர் பிரிந்ததும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் அவ்வக் காலத்துச் சான்றுக்கு இயைந்தவை. கொய்லின் பிற்காலமும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஜம்ஷெட்பூர் அணிக்கு 2022 இல் லீக் கேடயத்தைப் பெற்றுத் தந்த அவர் 2023 இல் சென்னைக்குத் திரும்பினார். 2024–25 பருவத்தில் அவரது அணி 13 அணிகளுள் 11 ஆம் இடத்தையே அடைந்தது. ஒருவரே, ஒரே கழகத்தில், ஒருமுறை மீட்பவராகவும் மறுமுறை தோற்பவராகவும் ஆனார். விளைவு ஒரு தனி மனிதரிடம் மாத்திரம் தங்கியிருப்பதில்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டா.

இன்னொரு கடமை பதவி கொடுத்தவரைச் சார்ந்தது. திருக்குறளின் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரம், ஆராயாமல் ஒருவரை நம்புவதும் நம்பிய பின்னர் அவரைச் சந்தேகிப்பதும் நீங்காத் துன்பம் தரும் என்னும் கருத்துடன் நிறைவுறுகின்றது. தெரிவு செய்தவர் தம் தெரிவுக்கு விடை கூறாது, தெரிவு செய்யப்பட்டவரை மட்டும் வெளியேற்றுவது பாதிப் பொறுப்பே. பயிற்றுநர் விலகும் நாளில் கழகத்தின் தலைவரும், ‘இத்தெரிவில் எம் பங்கு இது’ எனக் கூறும் துணிவு உடையவராயின், அந்நீக்கம் போக்காட்டை அனுப்பும் சடங்காக அமையாது.

இவ்விடயம் மைதானத்துடன் முடிவதன்று. 2009 இல் முடிவுற்ற போரின் இறுதிக்கட்டத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் முழுமையாக இடம்பெயர்ந்தனர். முகாம்களில் கற்ற பிள்ளைகள் மீளக்குடியேறி, கூரையற்ற கட்டடங்களிலும் மரநிழலிலும் கல்வியைத் தொடர்ந்தனர். அத்தகைய நிலத்தில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் போதெல்லாம் அதிபரை மாற்றுக என்னும் கோரிக்கை எழுதல் புதிதன்று. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையின் அதிபர் மழை பொய்த்த ஆண்டில் நீர் பங்கிடுபவரை ஒப்பர். ஆசிரியர் இருந்தும் வகுப்புகள் நடைபெறாத பாடசாலையின் அதிபரோ குளம் நிறைந்திருக்கக் கடைவாய்க்காலைக் காயவிட்டவரை ஒப்பர். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தும் சமூகம் முன்னவருக்கு அநீதி இழைக்கின்றது. பின்னவரின் மாணவருக்கும் அநீதி இழைக்கின்றது. முன்னவர் காரணமின்றி இடமாற்றம் பெறுவார். பின்னவர் வேறொரு பாடசாலைக்குச் சென்று அங்கும் அவ்வாறே இருப்பார்.

தோற்கும் அணியின் பயிற்றுநரை வைத்திருக்க வேண்டுமா என்பதற்கு, ஆம் என்றோ இல்லை என்றோ எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விடை கிடையாது. புள்ளிப்பட்டியலை மட்டும் கண்டு நீக்குதல் அறமன்று. பழைய கிண்ணத்தை மட்டும் கண்டு வைத்திருத்தலும் அறமன்று. அவர் செய்த பணியை ஆராய்ந்து, இனி அப்பணி பயன் தராது எனத் தெளிந்தபின் நீக்குதல் தகும்; அவ்வாறு நீக்கும்போதும் அவரது மானத்தைக் காத்தல் கடன். வயலில் இவ்வறத்தைக் கைக்கொண்டவர்க்கு மைதானத்திலும் பாடசாலையிலும் அது எட்டாத ஒன்றன்று. குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்த பின்னரே வாய்க்காலைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.