வாத்தியாரின் கால்

மதுரை ரிங் ரோட்டில் காலை ஆறரை மணிக்கு டிரைவிங் ஸ்கூல் கார் ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டீயரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்திருப்பவரை விடுங்கள். பக்கத்து சீட் வாத்தியாரின் காலைக் கவனியுங்கள். அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கால் அதன் மேலேயே இருக்கும். ஆனால், மிதிக்காது.

எடுத்ததற்கெல்லாம் மிதித்தால் பையன் எந்த ஜென்மத்தில் கற்றுக்கொள்வது? மிதிக்காமலே இருந்தால்... எதிரே பால் கேனோடு டிவிஎஸ் 50 வருகிறதே!

விமானத்திலும் இரண்டு பேருக்கும் பெடல் உண்டு. 1994 மார்ச் 8, டெல்லி விமான நிலையம். சஹாரா நிறுவனத்தின் போயிங் 737. பயணிகள் கிடையாது. ஒரு பயிற்சியாளர், மூன்று பயிற்சி விமானிகள். தரையைத் தொட்டு உடனே மேலேறும் பயிற்சி. ஏறும்போது ஒரு இன்ஜின் செயலிழந்ததாகப் பாவனை. அப்போது விமானம் அந்த இன்ஜின் பக்கமாக இழுக்கும். எதிர்ப்பக்கப் பெடலை மிதித்து, வால் பக்கத்து ரட்டரைத் திருப்பி நேராக்க வேண்டும். மாணவர் மிதித்தது தப்பான பெடலை. விமானம் விழுந்து, நின்றிருந்த ரஷ்ய விமானத்தின் மேல் மோதியது. மொத்தம் 9 பேர் பலி. தரையில் செத்தவர்களுக்கு அந்தப் பாடத்தோடு என்ன சம்பந்தம்?

விசாரணை அறிக்கை மாணவரின் தப்போடு நிற்கவில்லை. பயிற்சியாளர் ரட்டர் பெடலைத் தடுத்துக் காக்கவில்லை, தெளிவாகக் கட்டளை தரவில்லை என்றும் சொன்னது.

மிதித்தது ஒருத்தர், பழி இன்னொருத்தருக்கா? காமர்ஸ் படித்த எனக்குக் கணக்கு இடித்தது. அந்தப் பயிற்சியாளரும் உயிரோடு இல்லை. ஆனால், யோசியுங்கள். மாணவன் தப்பு செய்யத்தானே ஃபீஸ் கட்டி வருகிறான்? ஆபத்தை உண்டாக்கியவர் வாத்தியார். எந்த நொடியில், எந்த உயரத்தில் என்று தீர்மானித்ததும் அவரே.

2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் ஒத்திகை. இரண்டாவது மாடி விளிம்பில் 19 வயது மாணவி. கீழே வலை. அவர் தப்பே செய்யவில்லை, தயங்கினார், அவ்வளவுதான். பயிற்சியாளர் தள்ளிவிட்டார். முதல் மாடி சன்ஷேடில் தலை மோதியது. பாவனை ஆபத்தில் நிஜ மரணம்.

பெரிய விமானங்களில் இன்று இந்தப் பாடம் தரையில், சிமுலேட்டரில் நடக்கிறது. ரிங் ரோட்டுக்கு அந்த வசதி ஏது?

வாத்தியார் ஒருவரிடமே கேட்டேன்: "எப்பண்ணே மிதிப்பீங்க?"

"நான் மிதிச்சா வண்டி நிக்கிறதுக்கு எவ்வளவு தூரம் வேணும்னு எனக்குத் தெரியும் சார். அது மிச்சம் இருக்கிற வரைக்கும் அவர் தப்பு பண்ணலாம்."

சொல்லி முடிப்பதற்குள் வண்டி குலுங்கியது. அவர் கால் அசையவில்லை. "கிளட்ச்... கிளட்ச்!" என்று மட்டும் கத்தினார்.