மீலோவின் கண்ணீரும் மில்டன் நகர் முதியவரும்

கிறிஸ்து பிறப்பதற்கு முன் 44ஆம் ஆண்டில், தமது 62ஆம் வயதில், உரோமைச் சொற்பொழிவாளர் சிசரோ முதுமை குறித்து ஒரு சிறுநூல் எழுதினார். குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாள்களில் அதனை இலக்கணத்திற்காகவே படித்தோம். இருபது வயதுக்காரனுக்கு முதுமையைப் பற்றிய நூல் வேறு எதற்குப் பயன்படும்? எனினும் ஒரு காட்சி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. ஒலிம்பியாவில் பலமுறை வாகை சூடிய குரோத்தோன் நகரத்து மல்லன் மீலோ, முதுமையில் ஒருநாள் இளைஞர் பயிற்சி செய்வதைப் பார்த்து நிற்கிறான். பின்பு தன் புயங்களைக் குனிந்து நோக்கி, அவை செத்துப்போயினவே என்று அழுகிறான். சிசரோ அவனுக்காக இரங்கவில்லை. அவனது பெருமை ஒருநாளும் அவனுடையதாக இருந்ததில்லை, தசையினுடையதாகவே இருந்தது என்று முதியவர் கேட்டோவின் வாயிலாகக் கடிந்துகொள்கிறார்.

அன்று அந்தக் கண்டனம் நியாயமாகத் தோன்றியது. இன்று, ஐம்பத்தேழு வயதில், சற்றுக் கொடுமையாகத் தோன்றுகிறது. மீலோ வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் மில்டன் என்றொரு நகர் உண்டு. அங்கு வாழ்ந்த எட் விட்லாக் என்பவர் 1931இல் இலண்டன் மாநகரில் பிறந்தவர், சுரங்கப் பொறியாளர். இளமையில் ஓடினார், கனடாவில் குடியேறியபின் ஓட்டத்தை விட்டார், நாற்பது வயதைக் கடந்து மீண்டும் தொடங்கினார். 42 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த மாரத்தான் தொலைவை மூன்று மணி நேரத்திற்குள் கடந்த, எழுபது வயதைத் தாண்டிய முதல் மனிதர் அவரே. அது 2003இல் நிகழ்ந்தது. மறு ஆண்டு, 73ஆம் வயதில், 2 மணி 54 நிமிடங்களில் ஓடினார்.

அவருடைய பந்தயங்களில் பெரியவை டொராண்டோவில் இலையுதிர் காலத்தில் நடந்தன. ஆகவே கோடை முழுவதும் அவருக்குப் பயிற்சிக் காலம். இடையிடையே குறுகிய தொலைவுப் பந்தயங்களில் கலந்துகொண்டு கால்களுக்கு வேகத்தை நினைவூட்டுவார். மற்ற நாள்களில், வீட்டின் அருகிலிருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதையில் சிற்றடி வைத்து மெதுவாகச் சுற்றிச் சுற்றி வருவார். பயிற்சி உச்சத்தை எட்டும் காலங்களில் இது நாள்தோறும் மூன்று மணி நேரம்! சுற்றுகளை அவர் எண்ணுவதில்லை, கடிகாரத்தையே பார்ப்பார். அவருடைய காலணிகளும் பனியனும் பல்லாண்டுப் பழையவை.

கல்லறைத் தோட்டம் எம்போன்றோர்க்குப் பணியிடம். செபிக்கிறோம், தீர்த்தம் தெளிக்கிறோம், திரும்பி வருகிறோம். மூன்று மணி நேரம் அங்குத் தங்கியதில்லை. எனவே இதனைக் கேள்வியுற்றதும் நம் உள்ளம் உடனே ஒரு மறையுரையைக் கட்டத் தொடங்கியது. விட்லாக் அதற்கு இடம் தரவில்லை. வீட்டிற்கு அருகில் உள்ளது, வண்டிகளின் தொல்லை இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். அன்றாட ஓட்டம் தமக்கு இன்பம் தருவதில்லை என்றும், பந்தயமும் சாதனையுமே தமக்கு உவப்பானவை என்றும் ஒளிவுமறைவின்றிச் சொன்னவர் அவர்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. அரிஸ்டாட்டில் தம் சொல்லாட்சிக்கலை நூலில் உடலழகை வயதுவாரியாகப் பிரிக்கிறார். ஓட்டத்திற்கும் வலிமைப் போட்டிக்கும் ஏற்ற உடல் இளைஞனின் அழகு. இன்றியமையாத வேலைகளைச் செய்யப் போதுமான உடல் முதியவனின் அழகு. அந்த அளவுகோலின்படி, எழுபது வயதில் மாரத்தான் ஓடுவது தேவையற்ற செயல். தேவையற்றதைப் புகழுக்காகச் செய்தால் அதற்கு வீண்பெருமை என்பதுதானே பெயர்?

மூத்தோர் தடகளத்தில் ஐந்தைந்து ஆண்டுகளாக வயதுப் பிரிவுகள் வகுத்திருக்கிறார்கள். எழுபத்தைந்தாம் பிறந்தநாளை ஆவலோடு எதிர்நோக்குவோர் இவ்வுலகில் இவர்கள் மட்டுமே எனலாம். அன்று அவர்கள் புதிய பிரிவில் இளையவர் ஆகிவிடுகிறார்கள்! இது முதியோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் இனிய பொய் என்றே நாமும் முதலில் எண்ணினோம். ஆனால் பட்டியல்தான் சலுகை காட்டுகிறது, கடிகாரம் காட்டுவதில்லை. 2016 அக்டோபரில், 85ஆம் வயதில், விட்லாக் அதே டொராண்டோவில் 3 மணி 56 நிமிடங்களில் ஓடி முடித்தார். அந்த வயதில் எவரும் அதுவரை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தாம் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அது ஒரு மணி நேரத்திற்கும் அதிகம். அந்த வேறுபாட்டை அவர் தம் பெயருக்கு எதிரே, எல்லாரும் காண எழுத விட்டார். மீலோவால் இயலாதது இதுவே. குறைந்துபோன வலிமையோடு களத்தில் இறங்கிக் குறைந்த அளவை ஒப்புக்கொள்வதைவிட, ஓரத்தில் நின்று அழுவது அவனுக்கு எளிதாயிருந்தது.

அவருக்குக் கைதட்டல் கிடைத்ததே, அவரிடம் தாழ்ச்சியைத் தேடலாமா என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். வலுவான கேள்விதான். பிறவிக் கொடையும் அவருக்கு இருந்தது. 81ஆம் வயதில் மெக்கில் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, அவருடைய உடல் நிமிடத்திற்கு ஒரு கிலோ எடைக்கு 54 மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்தியது. இளைஞர் பலருக்கும் வாய்க்காத அளவு இது. கடைசி வரிசையில் தள்ளாடி வரும் முதியவரே தக்க சான்று என்று வாதிட்டால் மறுக்கமாட்டோம். ஆயினும் கைதட்டல் ஒருநாள் மட்டுமே. கல்லறைத் தோட்டத்தில் கைதட்ட யாரும் இல்லை. அந்தப் பந்தயம் முடிந்து ஐந்து மாதத்தில், 2017 மார்ச் 13 அன்று, எண்பத்தாறு வயது நிறைந்து ஒரு வாரத்தில், புற்றுநோயால் அவர் காலமானார்.

இவ்வளவு தொலைவு போய் ஓர் ஓட்டக்காரரைத் தேடியதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு பங்குப் பேரவையில், வீடு சந்திப்பை மீண்டும் தொடங்க வேண்டும் என்று ஒரு தாயார் கேட்டார். ‘வயதாகிவிட்டது அம்மா, உதவிப் பங்குத்தந்தை வருவார்’ என்றோம். எல்லாரும் பரிவோடு தலையசைத்தார்கள். கால்கள் நலமாகவே இருந்தன. ஒரு மாலையில் பதினைந்து வீடுகள் ஏறி இறங்கிய நாம் இப்போது ஏழோடு களைத்துவிடுவோம் என்பதும், இளைய குருவானவர் இருபதையும் முடித்துவிட்டுச் சிறுவர்களோடு பந்து விளையாடுவார் என்பதும், அதை ஊர் காணும் என்பதுமே உண்மைக் காரணம். வயதை ஒரு போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டோம். பார்ப்பவர்களுக்கு அது அடக்கம்போலத் தெரிந்தது!

இவ்வாண்டு தவக்காலத்தில் தெற்குத் தெருவிலிருந்து தொடங்கினோம். மாலை நான்கரைக்குப் புறப்பட்டு ஏழு வீடுகள். முதல் நாள் அதற்குமேல் இயலவில்லை, திரும்பிவிட்டோம். எட்டாம் வீட்டார் வாசலில் நாற்காலி போட்டு இருட்டும்வரை காத்திருந்ததாக மறுநாள் காலை கோயில்பிள்ளை சொன்னார். அன்று மாலை அந்த வீட்டிலிருந்து தொடங்கினோம்.