கொழுந்தும் குருதியும்

1

இலங்கை மலையகத்தில் நல்லதண்ணியைச் சுற்றிய தேயிலை மலைகளில் மண் செம்மஞ்சளாக இருக்கும். பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து மலைக்கு ஏறும் பெண்களின் பாதங்களில், மழை விட்ட காலைகளில் அது அப்பிக்கொள்ளும். அந்த நிறத்தைத் தருவது இரும்பு, ஒட்சிசனோடு சேர்ந்து துருவாகிவிட்ட இரும்பு. புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் இரும்புதான். வளர்ந்த மனித உடலில் இருப்பதோ 3 முதல் 4 கிராம். இரும்பின் மேலேயே நடக்கிறவர்களின் இரத்தத்தில் இரும்பு குறைவது ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2

கொழுந்தின் பச்சையையும் இரத்தத்தின் சிவப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பச்சையத்தில் நான்கு நைதரசன் அணுக்கள் சூழ்ந்து நிற்க, நடுவில் ஒரு மகனீசியம். ஈமோகுளோபினிலும் அதே போன்ற வளையம், நடுவில் இரும்பு. ஜெர்மன் வேதியியலாளர் ஹான்ஸ் ஃபிஷர் இவ்விரண்டின் அமைப்பையும் ஆராய்ந்ததற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். ஒன்று வெயிலை வாங்குகிறது, மற்றது மூச்சைச் சுமக்கிறது. கிள்ளப்படும் தளிரும் கிள்ளுகிற விரலும் இவ்வளவு நெருங்கிய உறவு என்பது எனக்கு இன்னும் வியப்பு தீராத செய்தி.

3

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்குப் படி ஏறுகிறவர்கள் 2,243 மீட்டர் உயரத்துக்குப் போகிறார்கள். உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு செங்குருதிக் கலத்திலும் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஒட்சிசன் வந்து தங்குவதும் இறங்குவதும் அந்த அணுக்களில்தான். யாத்திரிகர் ஒருமுறை ஏறி இறங்கிவிடுவார். கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கு அது அன்றாடம். இரும்பு குறைந்த உடலில் இளைப்பும் படபடப்பும் எளிதில் வரும். அதைச் சோம்பல் என்று சொல்வது பெரும் அநியாயம்.

4

உடல் இரும்பை வீணாக்குவதில்லை. செங்குருதிக் கலம் சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்ததும், மண்ணீரலும் ஈரலும் அதன் இரும்பைப் பிரித்தெடுத்துப் புதுக் கலங்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. இப்படி நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் சுழல்கிறது. உணவிலிருந்து புதிதாக உள்ளே வருவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஆகவே இரும்பு பெருமளவில் போவது இரத்தம் போகும்போதுதான். மாதவிடாயில் போகிறது, பிரசவத்தில் போகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் ஏறத்தாழ 1 கிராம் இரும்பு தேவைப்படுகிறது. தாயின் கையிருப்பையே கரைத்துத்தான் பிள்ளை பிறக்கிறது.

5

துருப்பிடித்த ஆணி ஒன்றைப் பால் சேர்க்காத சாயத் தேத்தண்ணியில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். விடியும்போது செம்பழுப்பு மறைந்து கருமை ஏறியிருக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்ட நிறம் அது. கடுக்காயின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துக் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுகிறார்களே, அதே வேதியியல்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் குடலுக்குள்ளும் இதுவே நடக்கிறது. ரொட்டி, சோறு, பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பைத் துவர்ப்பு கட்டிப்போடுகிறது. குடல் சுவர் அதை வாங்க முடியாமல் விட்டுவிடுகிறது. மீன், இறைச்சியிலுள்ள இரும்பு ஈம் எனப்படும் அந்த ஈமோகுளோபின் வளையத்துக்குள் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அவற்றை அடிக்கடி வாங்க லயத்து வீடுகளின் சம்பளம் இடம் கொடுப்பதில்லை. இரத்தச்சோகைக்குப் பழக்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு, கூலியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நேர்மையாகாது.

6

துவர்ப்பு கட்டுவதை எலுமிச்சையின் புளிப்பு அவிழ்க்கும். உயிர்ச்சத்து சி, குடல் வாங்கக்கூடிய வடிவத்துக்கு இரும்பை மாற்றித் தருகிறது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்பு மாத்திரையோடு உயிர்ச்சத்து சியும் கொடுப்பது இதனால்தான். அங்கேயே கொடுக்கும் கல்சியம் மாத்திரையை இரும்போடு சேர்த்து விழுங்கக் கூடாது, வேறு வேளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கல்சியம் இரும்பை எளிதில் உள்ளே விடாது.

7

தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. குளிரில் நனைந்து வருகிறவர்களுக்கு அது ஆறுதல், அவர்களுடைய உழைப்பில் விளைந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும், பிறகு குடியுங்கள். சம்பலுக்கு எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு ஒருபோதும் விழுங்காதீர்கள். படி ஏறும்போது வழக்கத்துக்கு மாறாக இளைத்தால், வயதின் மேல் பழி போடாமல் இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை, அதற்கு மருந்து உண்டு.